பக்தாத் வாசலில் இரண்டு பாம்புகள்



பக்தாத் நகரின் கிழக்கு மதிலில் ஒரு வாசல் இருந்தது. அப்பாஸிய கலீபா அந்நாஸிர் லிதீனில்லாஹ் ஹிஜ்ரி 618இல், அதாவது கி.பி. 1221இல், அதைத் திருத்திக் கட்டினார். வளைவின் மேலே கல்லில் ஒரு சிற்பம். சின்ன மனிதன் ஒருவன் சம்மணமிட்டு அமர்ந்திருக்கின்றான். அவனுக்கு இரு பக்கமும் சிறகு முளைத்த இரண்டு பெரும் பாம்புகள், உடலை முடிச்சு முடிச்சாகச் சுருட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து நிற்கின்றன. அவன் பயப்படவில்லை. ஒரு கைக்கு ஒன்றாக இரண்டின் நாக்குகளையும் எட்டிப் பிடித்திருக்கின்றான்.

பிற்காலத்து மக்கள் அதை பாபுத் தில்ஸம் என்று அழைத்தார்கள். தில்ஸம் என்றால் மந்திரக் காப்பு. 1638இல் உதுமானிய சுல்தான் நான்காம் முராத் பக்தாதைக் கைப்பற்றிய பிறகு இந்த வாசல் வழியாக வெளியேறினார் என்றும், அதன் பின்னர் வேறெவரும் போகாதபடி அதை அடைத்துவிட்டார்கள் என்றும் சொல்லப்படுகின்றது. கடைசியில் அது வெடிமருந்துக் களஞ்சியமாக இருந்தது. 1917 மார்ச்சில் பிரித்தானியப் படை நெருங்கி வர, பின்வாங்கிய உதுமானியப் படையினர் அதை வெடிக்க வைத்துவிட்டுச் சென்றார்கள். இன்று எஞ்சியிருப்பவை அதற்கு முன்னர் எடுக்கப்பட்ட புகைப்படங்கள் மட்டுமே.

இதை ஏன் இன்று எழுதுகின்றோம் என்றால், கடந்த தவணையில் நாம் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவாக அநுராதபுரத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கே காவற்கல்லில் நாகராஜனைக் கண்டதும் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இதப் பார்க்கலாமா? பாவமில்லயா?" ஊர் திரும்பிய மறுநாள் ஒரு வாப்பா தொலைபேசியில் பேசினார். பாம்புச் சிலைகளுக்கு முன்னால் நம் பிள்ளைகளை ஏன் நிற்க வைத்தீர்கள் என்பது அவருடைய கேள்வி. கோபமாகப் பேசவில்லை, கவலையாகத்தான் பேசினார். அந்தக் கவலையை நாம் சின்னதாக எண்ணவில்லை. ஆனால் இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எனவேதான் இந்த நீண்ட பதிவு. பதிலை அநுராதபுரத்தில் ஆரம்பிக்காமல் பக்தாதில் ஆரம்பித்ததற்கும் காரணம் இருக்கின்றது. நமது கலீபாவின் வாசலிலேயே பாம்பு இருந்தது என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தச் சிற்பத்துக்கு என்ன பொருள் என்பதில் ஆய்வாளர்கள் ஒரே கருத்தில் இல்லை. நடுவில் இருப்பவர் கலீபாவே, பாம்புகள் அவர் அடக்க நினைத்த எதிரிகள் என்பது ஒரு விளக்கம். 1221ஆம் ஆண்டு என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டில்தான் மேர்வும் நிஷாபூரும் மங்கோலியரால் அழிக்கப்பட்டன. அந்தச் செய்திகள் பக்தாதுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த நாட்களில் மதில் திருத்தப்படுகின்றது, வாசலின் மேல் பாம்பின் நாக்கைப் பிடிக்கும் ஒருவன் செதுக்கப்படுகின்றான். 37 ஆண்டுகள் கழித்து 1258இல் ஹுலாகுவின் படை வந்தபோது மதிலும் தாங்கவில்லை, கலீபாவின் ஆட்சியும் தாங்கவில்லை.

மற்றைய விளக்கம் வானத்தைப் பற்றியது. சூரியனின் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டும் இரு புள்ளிகளில்தான் கிரகணம் நிகழும். அரபு வானியலாளர்கள் ஒன்றைப் பாம்பின் தலை என்றும் மற்றதைப் பாம்பின் வால் என்றும் அழைத்தார்கள். நம் அயலவர்களின் கலண்டரில் ராகு, கேது என்று போட்டிருப்பதும் இவற்றைத்தான். அப்படிப் பார்த்தால் வாசலில் அமர்ந்திருப்பது சந்திரன், இரு பக்கமும் அதை விழுங்க வரும் பாம்புகள்.

இங்கே அல்பீரூனியைச் சொல்லாமல் போக முடியாது. 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய நூலில் இந்த ராகு விடயம் விரிவாக வருகின்றது. சந்திர கிரகணம் பூமியின் நிழலால் வருகின்றது என்பதை இந்திய வானியலாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்று அவர் பாராட்டுகின்றார். அதே மூச்சில், உண்மை தெரிந்திருந்தும் பிரம்மகுப்தர் பாமர மக்களின் நம்பிக்கைக்கு ஏன் வளைந்து கொடுத்தார் என்று குறைபட்டும் கொள்கின்றார். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்ததையும், எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று அவர்கள் மக்களைத் திருத்தியதையும் நாம் ஜும்ஆக்களில் கேட்டிருக்கின்றோம். அதைக் கேட்டு வளர்ந்த சமூகத்தின் தலைநகரில்தான் அந்தப் பாம்புகளும் இருந்தன. வரலாறு நமக்கு வசதியான மாதிரி ஒழுங்காக இருப்பதில்லை.

பக்தாத் மட்டும் அல்ல. சிரியாவின் ஹலப் நகரக் கோட்டைக்குள் நுழையும்போது முதல் வாசலுக்குப் பெயரே பாபுல் ஹய்யாத், பாம்புகளின் வாசல். ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் பாம்புகள் அதன் மேலே செதுக்கப்பட்டுள்ளன. அந்தக் கோட்டையை இன்றைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தவர் அல்மலிக் அழ்ழாஹிர் காஸி. ஸலாஹுத்தீன் ஐயூபியின் மகன். பைத்துல் முகத்தஸை மீட்டவரின் வீட்டுப் பிள்ளை என்றால் நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

வாசலில் பாம்பை நிறுத்தும் பழக்கம் ஈராக் மண்ணில் மிகப் பழையது. பாபிலோனில் நெபுகாத்நேசர் மன்னர் கி.மு. 575 அளவில் ஒரு பெரும் வாசல் கட்டினார். நீல நிறம் பூசிச் சுட்ட செங்கற்கள். அவற்றில் வரிசை வரிசையாகக் காளைகளும் இன்னொரு பிராணியும். இந்த இரண்டாவது பிராணிக்கு முஷ்ஹுஷ்ஷு என்று பெயர். பாம்பின் தலை, பிளந்த நாக்கு, கொம்பு, செதில் மூடிய மெலிந்த உடல். முன்னங்கால்கள் சிங்கத்தினுடையவை, பின்னங்கால்கள் கழுகினுடையவை. பாபிலோனியரின் பிரதான தெய்வமான மர்துக்கின் பிராணி அது. 1899 முதல் 1917 வரை அங்கே அகழ்வு செய்த ஜெர்மானியர் றொபேர்ட் கோல்டவே, நூற்றாண்டுக் கணக்கில் இதன் உருவம் மாறாமலே வரையப்பட்டிருப்பதைப் பார்த்து, இப்படி ஒரு விலங்கு உண்மையிலேயே வாழ்ந்திருக்கும் என்று நம்பத் தொடங்கிவிட்டார். டைனோசர் இனம் ஒன்றைக்கூட உறவாகக் காட்டினார். எத்தனை ஆயிரம் செங்கற்களைப் பொறுக்கி எடுத்த மனிதன்! அவருக்கும் அந்தப் பாம்பு கண்ணில் நின்றுவிட்டது. அந்தச் செங்கற்களைக் கொண்டு மீண்டும் எழுப்பப்பட்ட வாசல் 1930 முதல் பேர்லின் நூதனசாலையில் இருக்கின்றது.

அதே நெபுகாத்நேசர்தான் ஜெரூசலத்தை அழித்து யூதர்களை பாபிலோனுக்குச் சிறைபிடித்து வந்தவர். அவர்களில் சிலராவது அந்த வாசலைக் கண்டிருப்பார்கள். யூதர்களின் வேதத்தில் முதல் மனிதரின் மனைவியை ஏமாற்றுவது ஒரு பாம்பு. அதற்குத் தண்டனையாக, இனி வயிற்றால் ஊர்ந்து திரிவாய் என்று சபிக்கப்படுகின்றது. அப்படியென்றால் அதற்கு முன்னர் அதற்குக் கால் இருந்ததா? பாபிலோனின் நாலுகால் பாம்பிலிருந்து இந்தக் கதை வந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கால் உள்ள பாம்பு அந்தப் பிரதேசத்து மக்களுக்கு விசித்திரமான எண்ணமாக இருந்திருக்காது.

இனி நாம் அதிகம் கவனிக்காத ஒரு விடயம். ஆதம் (அலை) அவர்களின் சம்பவம் அல்குர்ஆனில் அல்பகரா, அல்அஃராப், தாஹா ஆகிய ஸூராக்களில் வருகின்றது. ஓரிடத்திலாவது பாம்பு இல்லை. ஷைத்தான் மட்டும்தான். பிறகு நம் உம்மம்மாமார் சொன்ன கதையில் பாம்பு எப்படி வந்தது? இஸ்ராஈலிய்யாத் என்று அறிஞர்கள் அழைக்கும் அறிவிப்புகள் வழியாகத்தான். இமாம் தபரி தம் தஃப்சீரில் வஹ்பு இப்னு முனப்பிஹ் சொன்னதாக ஓர் அறிவிப்பைப் பதிவு செய்கின்றார். அதில் பாம்புக்கு நான்கு கால்கள், ஒட்டகம் போல அழகிய தோற்றம். ஷைத்தான் அதற்குள் புகுந்து சுவனத்துக்குள் போகின்றான். தபரி கேட்டவற்றையெல்லாம் அறிவிப்பாளர் பெயரோடு எழுதி வைப்பவர். அவர் எழுதி வைத்தது பின்னால் வந்த கதைசொல்லிகளின் வாயில் குர்ஆன் வசனம் போலவே ஆகிவிட்டது. நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பாம்பைச் சொல்வார்கள்.

அல்குர்ஆனில் பாம்பு வருவது மூஸா (அலை) அவர்களிடம். அந்த அஸாவுக்கு மூன்று சொற்கள் பாவிக்கப்படுகின்றன. தாஹாவில் ஹய்யா. அந்நம்லிலும் அல்கஸஸிலும் ஜான் போன்றது. பிர்அவ்னின் சபையில், அல்அஃராபிலும் அஷ்ஷுஅராவிலும், ஸுஃபான். ஜான் என்பது விரைந்து நெளியும் சிறு பாம்பு, ஸுஃபான் என்பது பெரும் பாம்பு, ஹய்யா இரண்டுக்கும் பொதுப் பெயர் என்று விளக்கம் சொல்வார்கள். வரலாற்று ஆசிரியராக நமக்கு இதில் வேறொன்றும் தோன்றும். எகிப்து மன்னர்களின் முடியைப் பாருங்கள். 1925இல் கண்டெடுக்கப்பட்ட துத்தன்காமுனின் தங்க முகமூடி பாடநூலிலேயே இருக்கின்றது. நெற்றியில் படமெடுத்த நாகம். வாஜெட் எனும் நாக தெய்வம் மன்னனின் எதிரிகள் மீது நெருப்பு உமிழும் என்பது அவர்களின் நம்பிக்கை. நெற்றியில் பாம்பைச் சூடி ஆட்சி செய்தவனின் காலடியில் ஓர் இடையரின் தடி பாம்பாகி நெளிகின்றது. இது தஃப்சீர் அல்ல, நம்முடைய வாசிப்பு மட்டுமே. ஆனாலும் அந்தச் சபையில் ஏன் அத்தனை திகில் என்பது இதைத் தெரிந்து வாசித்தால் கூடுதலாக விளங்குகின்றது.

நம் முன்னோர் எல்லாவற்றையும் நம்பியவர்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், உயிரினங்கள் பற்றிய தம் பெரிய நூலில் ஒரு சம்பவம் எழுதுகின்றார். இரண்டு தலைப் பாம்பு ஒன்று தோன்றியதாக அரிஸ்டோட்டில் சொல்லியிருக்கின்றாரே என்று ஒரு நாட்டுப்புற அரபியிடம் கேட்கின்றார். உண்மைதான் என்று அவன் அடித்துச் சொல்கின்றான். சரி, எந்தத் தலைப் பக்கம் ஊரும், எதனால் சாப்பிடும், எதனால் கடிக்கும் என்று ஜாஹிழ் விடாமல் கேட்கின்றார். அது ஊராது, மணலில் சிறுவர்கள் உருள்வது போல உருண்டு போகும். பகல் சாப்பாடு ஒரு வாயால், இராச் சாப்பாடு மற்ற வாயால். கடிக்கும்போது மட்டும் இரண்டாலும் என்று பதில் வருகின்றது. உலகத்தில் இவனை விடப் பொய்யன் இல்லை என்று ஜாஹிழ் முடித்துவிடுகின்றார். ஐந்து தலைப் பாம்பின் படம் வட்ஸ்அப்பில் வரும்போதெல்லாம் நமக்கு ஜாஹிழின் மூன்று கேள்விகளும்தான் ஞாபகம் வரும். அவர் குழுமத்தில் இருந்திருந்தால் அட்மின் அவரை நீக்கியிருப்பார்.

இப்போது அநுராதபுரத்துக்கு வருவோம். அபயகிரிப் பகுதியில் இரத்தினபிரசாதயவின் நுழைவாயிலில் நிற்கும் காவற்கல்லைத்தான் அந்த மாணவன் பார்த்தான். உடல் மனிதனுடையது, அரசனின் அணிகலன்கள், தலைக்குப் பின்னால் விரிந்த பல தலை நாகப்படம். ஒரு கையில் நிறைகுடம், மறு கையில் பூங்கொத்து. சிங்களத்தில் முரகல என்பார்கள். பிள்ளைகளிடம் நாம் சொன்னது, அது எங்கே நிற்கின்றது என்று முதலில் பாருங்கள் என்பதுதான். வாசலில் நிற்கின்றது. உள்ளே வணங்கப்பட்ட உருவம் வேறு, வாசலில் காவல் நிற்கும் உருவம் வேறு. நாகர்கள் இந்த நாட்டின் பழைய நூல்களிலேயே வருகின்றார்கள். நாகதீபத்தில் மகோதரன், சூளோதரன் எனும் இரு நாக அரசர்கள் ஒரு மணி ஆசனத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து தீர்த்து வைத்தார் என்று மகாவம்சம் சொல்கின்றது. நயினாதீவில் இன்று விகாரையும் இருக்கின்றது, நாகபூசணி அம்மன் கோயிலும் இருக்கின்றது.

நாகம் ஏன் காவலுக்கு? நீரைப் பாருங்கள். மிகிந்தலையில் நாகபொக்குண எனும் தடாகத்தின் பாறையில் ஐந்து தலை நாகம் செதுக்கப்பட்டுள்ளது. பழைய குளங்களின் மதகுகளுக்கு அருகிலும் நாகக் கற்கள் நட்டிருக்கின்றார்கள். குளத்தைக் காப்பது நாகம் என்பது வயல் செய்த மக்களின் எண்ணம். எகிப்திலும் களஞ்சியத்துக்கும் அறுவடைக்கும் உரிய தெய்வமான றெனெனுதெட் நாக வடிவம்தான். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். நம் ஊர் வயற்காரர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், புத்தகம் தேவையில்லை. உயிரை எடுக்கக்கூடியதும் நெல்லைக் காப்பதும் ஒரே பிராணி என்றால், அதற்குப் பயப்படவும் வேண்டும், அதை வாசலில் நிறுத்தவும் வேண்டும். அரபியில் பாம்புக்கு ஹய்யா, வாழ்வுக்கு ஹயாத். இரண்டும் ஒரே வேர்.

பயம் வெறும் கதை அல்ல. 2012, 2013 காலப்பகுதியில் நாடு முழுவதும் வீடு வீடாகச் செய்யப்பட்ட கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கின்றது, 400க்கும் மேற்பட்டோர் இறக்கின்றார்கள். இன்னும் நம்மிடையே சிலர் கடிபட்டவரை ஓதிப் பார்ப்பவரிடமும் வேர் கட்டுபவரிடமும் கொண்டு சென்று மணித்தியாலங்களை வீணாக்குகின்றார்கள். ஓதுவதை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் ஓதலாம். நம் முன்னோரும் மருந்தைத் தேடியவர்கள்தான். திர்யாக் எனும் நஞ்சுமுறி மருந்தில் விரியன் பாம்பின் இறைச்சியையே சேர்த்தார்கள். அது பற்றிய கிதாபுத் திர்யாக் நூலின் 1199ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று பாரிஸில் இருக்கின்றது. முதற்பக்க ஓவியத்தில் பிறை ஏந்திய உருவம், சுற்றிலும் பின்னிய பாம்புகள். பக்தாத் வாசலுக்கு 22 ஆண்டுகள் முந்தியது.

மனிதனும் பாம்பும் கலந்த உருவங்களில் நமக்கு மறக்க முடியாதவை இரண்டு. ஒன்று, 1010இல் பிர்தவ்ஸி முடித்த ஷாஹ்நாமாவில் வரும் ழஹ்ஹாக். இப்லீஸ் சமையற்காரனாக வந்து அவனுடைய தோள்களில் முத்தமிட, அந்த இடத்தில் இரண்டு பாம்புகள் முளைக்கின்றன. நாளுக்கு இரண்டு இளைஞர்களின் மூளை அவற்றுக்கு உணவு. 18 பிள்ளைகளில் 17 பேரைப் பறிகொடுத்த காவா எனும் இரும்புக் கொல்லன் தன் தோல் மேலாடையைக் கம்பில் கட்டிக் கொடியாக்கி எழுகின்றான். பழைய அவெஸ்தா நூலில் இந்த ழஹ்ஹாக் மூன்று தலைப் பாம்பு அரக்கன். பிர்தவ்ஸியிடம் வரும்போது அரபு இளவரசன் ஆகிவிட்டான். பாரசீகத்தை அரபுகள் வென்று மூன்றரை நூற்றாண்டுகள் ஆகியும் ஆறாத மனம் அதில் தெரிகின்றது. பக்கத்து வீட்டானைப் பாம்பாக்கிக் கதை சொல்வது இலகு. நம் நாட்டில் 2019க்குப் பிறகு அதை அனுபவித்தவர்கள் நாம்.

மற்றது ஷாஹ்மாரான். இடுப்புக்கு மேல் பெண், கீழே பாம்பு. துருக்கியின் மார்தின், தர்சூஸ் பகுதிகளின் கதை. ஆயிரத்தொரு இரவுகளிலும் பாம்பரசியாக வருகின்றாள். தேன் எடுக்கப் போய்க் குகையில் அகப்பட்ட ஏழை இளைஞனைக் காப்பாற்றி, தான் இருக்கும் இடத்தைச் சொல்லாதே என்று அனுப்புகின்றாள். மன்னனுக்கு நோய் வந்ததும் அவளுடைய இறைச்சிதான் மருந்து என்கின்றார்கள், இளைஞன் காட்டிக்கொடுத்துவிடுகின்றான். அவள் கொல்லப்பட்டது பாம்புகளுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் தர்சூஸ் நகருக்குள் வரும் என்பார்கள். மார்தினில் முஸ்லிம் வீடுகளில் கண்ணாடியில் வரைந்த அவள் படம் இன்றும் தொங்குகின்றது.

கடைசியாக, நம் ஊரிலிருந்து துருக்கி போய் வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுல்தான் அஹ்மத் பள்ளிவாசல் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுக்கின்றீர்கள். அந்தச் சதுக்கத்திலேயே, சில நிமிட நடை தூரத்தில், பள்ளமான ஒரு குழிக்குள் பச்சை படிந்த வெண்கலத் தூண் ஒன்று நிற்கின்றது. கி.மு. 479இல் பாரசீகரைத் தோற்கடித்த கிரேக்க நகரங்கள் டெல்பியில் நாட்டியது. மூன்று பாம்புகள் ஒன்றாக முறுக்கிய உருவம். 31 நகரங்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. கான்ஸ்டன்டைன் பேரரசர் அதைத் தம் புதிய தலைநகருக்குக் கொண்டுவந்தார். 1453இல் நகரம் முஸ்லிம்கள் வசமான பின்னரும் எவரும் அதை இடிக்கவில்லை. சுல்தான்களின் விழாக்களை வரைந்த ஓவியங்களில் மூன்று தலைகளோடு நடுவில் நிற்கின்றது. நகருக்குள் பாம்பு வராமல் காக்கும் தில்ஸம் என்று மக்கள் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டில் எவ்லியா செலெபியும் நகரின் தில்ஸம்களில் ஒன்றாக அதை எழுதி வைத்தார்.

1700 அளவில் தலைகள் உடைந்து விழுந்துவிட்டன. 1848இல் அயா ஸோபியா அருகே ஒரு தலையின் மேல்தாடை மட்டும் கிடைத்தது. தொல்பொருள் நூதனசாலையில் வைத்திருக்கின்றார்கள். சதுக்கத்திலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிடலாம். போகின்றவர்கள் ஒரு படம் எடுத்து வாருங்கள், பத்தாம் தர வகுப்பறையில் ஒட்டுவோம்.